கோழி கிளறிய களிமண்

காட்டுக்கோழி பொன்னாத்தாவுக்கு அன்று காலையிலிருந்து இரை இறங்கவில்லை.

ஓடைக்கு இக்கரையில், நாவல் மரத்தடியில், சின்னப் பிராணிகளின் பள்ளிக்கூடம் இருந்தது. அவளுடைய குஞ்சுகள் அங்கேதான் படித்தன. அதை மூடி, அக்கரைப் பள்ளியோடு சேர்த்துவிடுவது என்று காட்டுச் சபை முடிவு செய்திருந்தது. சபையில் இருந்தவர்கள் யானையும் காட்டெருமைகளும். அவர்களுக்கு ஓடை கணுக்கால் அளவுதான். கோழிக்குஞ்சுக்கு அது கடல்.

நல்லவேளையாகக் காட்டில் ஒரு சட்டம் இருந்தது. சபையின் முடிவு பிடிக்காவிட்டால், இக்கரைக் குடும்பங்களில் பாதிக்குமேல் களிமண் பூசிய மரப்பட்டையில் காலடி பதித்து மனுக் கொடுக்கலாம். கொடுத்தால், சபை காடு முழுவதையும் கூட்டி வாக்கெடுத்தே ஆகவேண்டும். பௌர்ணமியன்று பொழுது சாய்வதற்குள் பட்டை, சபைக்காக மனு வாங்கும் நாரையிடம் போய்ச் சேரவேண்டும். அவரவர் காலை அவரவரே வைக்கவேண்டும். மனுவைக் கொடுப்பவர், எல்லோரும் தன் கண்ணெதிரே வைத்ததாகச் சத்தியம் செய்யவேண்டும்.

அந்தச் சத்தியம் பொன்னாத்தாவின் பொறுப்பு. பட்டையைச் சுமப்பது குரங்கு முத்துக்காளையின் வேலை.

பௌர்ணமியும் வந்துவிட்டது. பாதியைத் தாண்ட இன்னும் சில வீடுகள் பாக்கி. அந்த நேரம் பார்த்துத் தூறல் விழ, பொன்னாத்தா குஞ்சுகளைப் புதருக்குள் ஒதுக்கிவிட்டு வரப் போனாள். திரும்பி வந்தால், பட்டை நிறைந்திருந்தது!

"அதுக்குள்ள யாரு தம்பி வந்தாங்க?"

"யாரும் வரலைக்கா. முயல், மயில், சருகுமான், ஆமை எல்லார் காலையும் நானே குச்சியால கீறிட்டேன். எல்லாரும் நம்ம பக்கம்தானே, வேணாம்னா சொல்லப்போறாங்க?"

பொன்னாத்தா பட்டையைக் குனிந்து பார்த்தாள். பிள்ளை நல்ல எண்ணத்தில்தான் செய்திருக்கிறான். ஆனால் பார்க்காததைப் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் குஞ்சுகள் ஓடையில் இறங்கவேண்டுமே! கண்ணை மூடி, "சாமி, என் பிள்ளைகளை நீதான் பாத்துக்கணும்" என்று வேண்டிக்கொண்டாள்.

பிறகு, கோழிக்கு யாரும் கற்றுத்தரவேண்டாத வேலையைச் செய்தாள். பட்டைமேல் ஏறி, பொய்க் காலடிகளை எல்லாம் கிளறித் தள்ளினாள்.

முத்துக்காளை தலையில் கைவைத்துக்கொண்டான். "பள்ளிக்கூடத்தையே கிளறிப் போட்டுட்டியேக்கா!"

"இன்னும் வெயில் இருக்கு தம்பி. புலம்புற நேரத்துல நாலு மரம் தாவிப் போய் எல்லாரையும் கூப்பிடு."

அவன் தாவினான். முயல் வந்தது. தன் காலை இன்னொருத்தன் வைத்தானாமே என்று கேள்விப்பட்டு, குரங்கை ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் காலை வைத்தது. மயில் ஈரத்தோகையை இழுத்துக்கொண்டு வந்தது. சருகுமான் கூச்சத்தோடு வந்தது. பொன்னாத்தா ஒவ்வொருவர் காலையும் பார்த்துப் பார்த்து வைக்கச்சொன்னாள்.

இன்னும் ஒரு காலடி வேண்டும். ஆமையைக் காணோம். வெயில் மர உச்சிக்கு ஏறிவிட்டது. பட்டையை வாங்க நாரையும் வந்து ஒற்றைக்காலில் நின்றது.

அப்போது புதர் விலகியது. முத்துக்காளை ஆமையை முதுகில் கட்டிக்கொண்டு ஓடிவந்தான். "மெதுவாப் போடா, தலை சுத்துது" என்று, தன் வாழ்நாளில் முதல்முறையாக, ஆமை இன்னொருவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தது. இறங்கியதும் களிமண்ணில் காலை அழுத்தியது. வெயில் மறைந்தது.

நாரை பட்டையை உற்றுப் பார்த்தது. "இங்கே ஏனம்மா கிளறியிருக்கு?"

பொன்னாத்தா நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். முத்துக்காளை தலையைக் குனிந்துகொண்டான்.

"நல்ல வேலை செய்தாய்" என்றது நாரை. "தன் வீட்டுக்கு நீங்கள் இன்னும் வரவில்லையே என்று முயல் காலையிலேயே என்னிடம் வருத்தப்பட்டது. அதன் காலடியை இதில் கண்டதும் அதையே கூப்பிட்டுக் கேட்டிருப்பேன்; பொய் என்று தெரிந்தால், சத்தியமும் பொய்யாகி, மொத்தப் பட்டையையும் ஓடையில் விட்டிருப்பேன். இப்போது சத்தியம் செய்."

"எல்லார் காலையும் என் கண்ணால பார்த்தேன், ஐயா."

அப்போதுதான் பொன்னாத்தாவுக்கு மூச்சு சீராக வந்தது.

சபை காட்டைக் கூட்டி வாக்கெடுத்தது. குஞ்சுகளை ஓடைக்கரையில் நிறுத்திக் காட்டியபோது யானையே தும்பிக்கையைத் தூக்கி, பள்ளிக்கூடம் இக்கரையிலேயே இருக்கட்டும் என்றது. மறுநாள் குஞ்சுகள் கால் நனையாமல் பள்ளிக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே, பொன்னாத்தா வயிறார இரை பொறுக்கினாள்.

ஆகவே பிள்ளைகளே, நியாயமான காரியமானாலும் அதற்குப் பொய்யைத் துணைக்குக் கூப்பிட்டால், அந்தப் பொய்யே காரியத்தைக் கெடுத்துவிடும்.