ஒன்றை இரண்டாக்கிய அண்டா

எடுக்க எடுக்கப் பெரிதாகும். அது என்ன, சொல்லுங்கள் பார்க்கலாம்?

குழி என்கிறீர்களா? சரிதான். ஆனால் முன்னொரு காலத்தில், ஏழு மலைக்கு அப்பால் இருந்த செம்புலி நாட்டில் இதைக் கேட்டிருந்தால், "எங்கள் ராஜாவின் அண்டா" என்றுதான் பதில் வந்திருக்கும்.

அந்த நாட்டில் மூன்று வருடமாக மழை இல்லை. ராஜா செங்கோடன் கெட்டவர் அல்ல. ஊர் கஞ்சிக்கு அலைவதைப் பார்த்து, அவரும் ஒரு வேளைதான் சாப்பிட்டார். அப்போது ஒரு மந்திரவாதி பெரிய வெண்கல அண்டா ஒன்றைத் தலையில் சுமந்துகொண்டு வந்தான்.

"இதில் எதைப் போட்டாலும் இரண்டாகும் ராஜா. ஆனால் அது திருடிய பொருளாக இருக்க வேண்டும். பறிகொடுத்தவர் மனம் நோக வேண்டும். நோகாவிட்டால் இரட்டிக்காது."

"திருட்டா? பாவம் அல்லவா?"

"ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று உங்களுக்கு மிச்சம். யாருக்கு நஷ்டம்?"

ராஜா யோசித்துப் பார்த்தார். யாருக்கும் நஷ்டம் இருப்பதாகத் தெரியவில்லை.

சேவகர்கள் முதலில் நெல்லைத் திருடினார்கள். பறிகொடுத்தவர் அழுதார். ஒரு மூட்டை இரண்டானது. மறுநாள் ஒரு மூட்டை அவர் வாசலுக்கும், ஒரு மூட்டை அரண்மனைக் களஞ்சியத்துக்கும் போனது. போனது வந்தது, வந்தது இரண்டானது, யாருக்கு நஷ்டம்?

அடுத்து மாடுகளைத் திருடினார்கள். போனது வந்தது, வந்தது இரண்டானது, யாருக்கு நஷ்டம்?

நான்காம் வருடம் நல்ல மழை பெய்தது. ஆனாலும் அண்டாவை நிறுத்த ராஜாவுக்கு மனம் வரவில்லை. ஜனங்கள் விதைநெல்லைத் தரைக்கடியில் புதைத்து வைத்தார்கள். நெசவாளி தறியை விட்டுவிட்டுத் துணிக்குக் காவல் இருந்தான். ஏர் செய்ய வைத்திருந்த மரமெல்லாம் கதவாகிவிட்டது. யாரும் யாருக்கும் மாடு இரவல் கொடுக்கவில்லை. போதாததற்கு, எப்படியும் திரும்பி வந்துவிடும் என்று தெரிந்ததால், திருடு போனவர்கள் அழுவதையும் நிறுத்திவிட்டார்கள். அண்டாவில் போட்ட ஒன்று ஒன்றாகவே கிடந்தது. களஞ்சியத்தில் எலிகூடத் தங்கவில்லை.

ராஜா ஊருக்குள் போனார். நல்லக்கா என்கிற பெண்ணின் வயல் தரிசாகக் கிடந்தது.

"மழை பெய்தும் ஏனம்மா விதைக்கவில்லை?"

"விதையை வெளியே எடுத்தால் உங்கள் ஆள் தூக்கிக்கொண்டு போகிறானே, சாமி."

"திருப்பித் தந்துவிடுகிறோமே!"

"தந்ததை மறுபடி மறுபடி தூக்குகிறீர்கள், அதற்குள் பருவம் தப்பிவிடுகிறது. உங்கள் அண்டாவில் ஒன்று இரண்டாகிறது. என் வயலில் ஒன்று நூறாகும்."

ராஜா அதைக் கேட்டார். ஆனால் அவருக்குப் புரிந்தது வேறு. 'வயலில் இறங்க ஆள் இல்லை. அதுதான் குறை. ஆளையே இரட்டித்துவிட்டால்? பிள்ளை திருடு போனால் அழாத தாய் உண்டா?'

அன்றே நல்லக்காவின் ஒரே மகள் பூவாயியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

நல்லக்கா தெருத்தெருவாக ஓடினாள். கிணறு கிணறாக எட்டிப் பார்த்தாள். குரல் போகும்வரை கூப்பிட்டாள். அந்த அழுகைக்கு அரண்மனையில் அண்டா அதிர்ந்து ஒலித்தது.

மறுநாள் சேவகன் இரண்டு சிறுமிகளைக் கொண்டுவந்து வாசலில் விட்டான். இருவருக்கும் ஒரே இடத்தில் முன்பல் விழுந்திருந்தது. இருவர் முழங்கையிலும் அதே தீத்தழும்பு. "அம்மா, பசிக்குது" என்றார்கள் இருவரும்.

"எவள் உன் மகள் என்று நீயே பார்த்து வைத்துக்கொள். நாளைக்கு வருவேன், மற்றவளை அனுப்பிவிடு. ஒன்று உடையவருக்கு, ஒன்று அரசுக்கு" என்றான் சேவகன். "ஏம்மா முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறாய்? ஒருத்தி இருந்தாள், ஒருத்தி இருக்கப்போகிறாள். உனக்கு என்ன நஷ்டம்?"

நல்லக்கா பிள்ளைகளை உட்காரவைத்தாள். "பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்த வெல்லத்தைத் தின்றது யாரடி?"

"நான்தான்" என்று இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. இருக்கிற சோற்றை இரண்டு பேருக்கும் ஊட்டினாள். பிறகு, இருவரையும் விட்டுவிடச் சொல்லி ராஜாவின் காலில் விழுந்து கேட்போம் என்று, ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டு அரண்மனைக்குப் போனாள்.

அரண்மனை முற்றத்தில், இரட்டிப்பதற்காகத் தூக்கிவந்த பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். பக்கத்து வீட்டுச் சிறுவர்களும் அதில் இருந்தார்கள். நல்லக்கா காவலனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தபோது, இரண்டு பூவாயிகளும் அண்டா இருந்த மண்டபத்துக்குள் நழுவினார்கள்.

"அடுத்தது யார்?" என்றது அண்டா.

"நீ எப்போது நிறுத்துவாய்?"

"உடைத்தால் நிறுத்துவேன். நான் கூடுதலாகத் தந்ததெல்லாம் அப்போது மறைந்துவிடும். நெல்லும் மறையும், மாடும் மறையும், பிள்ளையும் மறையும்."

"எங்களில் யார் கூடுதல்?"

"எனக்கு இரட்டிக்கத்தான் தெரியும். அடையாளம் தெரியாது."

நல்லக்கா வாசலில் வந்து நின்றாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. "வேண்டாம் கண்ணுகளா! வாங்க, வேறு நாட்டுக்கு ஓடிப்போகலாம்."

"வெளியே அந்தப் பசங்க நிற்கிறாங்களே, அம்மா."

"அவர்களை அவர்கள் அம்மா பார்த்துக்கொள்வாள்!" என்றாள் நல்லக்கா. அப்படிப் பேசுகிற மனுஷியே அல்ல அவள். சொன்ன வாயைக் கையால் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றாள் ஒரு பூவாயி.

"எனக்கும்தான்" என்றாள் இன்னொரு பூவாயி.

அண்டாவின் மூடியை நெம்பும் கடப்பாரை சுவரோரம் சாய்ந்திருந்தது. தனியாகத் தூக்க முடியாததால் இருவரும் சேர்ந்து அதைத் தூக்கினார்கள். அண்டாவை உடைத்தார்கள்.