உட்காரக் கூடாத அணில்

ஏரிக்கரைப் புங்க மரத்தில் இரண்டு அணில்கள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. ஆண் அணிலுக்குப் பெயர் வரியன். பெண் அணிலுக்குப் பெயர் பஞ்சவர்ணம். முதுகில் இருப்பது மூன்றே கோடு, பெயர் மட்டும் பஞ்சவர்ணம். அதைப் பற்றி யாரும் கேட்டதில்லை. கேட்டால் கடிக்கும்.

பஞ்சவர்ணத்துக்கு நாலு நாளில் குட்டி பிறக்க இருந்தது. மழையும் அப்போதுதான் வரும்போல வானம் கறுத்துக்கொண்டு வந்தது. தேங்காய் நார், இலவம்பஞ்சு, பழைய சாக்கில் உருவிய நூல் எல்லாம் கிளையில் தயாராகக் கிடந்தன. உட்கார்ந்து பின்ன வேண்டியதுதான் பாக்கி.

எதிர் வேப்ப மரத்தில் சிங்காரம் என்ற அண்டங்காக்கை இருந்தது. அதன் கூடு வெறும் சுள்ளியும் கம்பியும். படுத்தால் குத்தும். அணில்களின் பஞ்சு மேல் அதற்கு ஒரு கண். பஞ்சவர்ணத்தின் பல் மேல் பயம். நேராகப் போய்த் திருட முடியாது. அதனால் ஒரு பட்டமளிப்பு விழா நடத்தியது.

ஏரிக்கரை மொத்தமும் வந்துவிட்டது. சும்மா கொடுக்கிறார்கள் என்றால் வராமல் இருப்பார்களா?

"தெம்பு உள்ளவங்க, துடிப்பு உள்ளவங்க, உற்சாகம் உள்ளவங்க இங்கே எத்தனையோ பேர்," என்று சிங்காரம் தொண்டையைச் செருமியது. "அவங்களை இதுவரைக்கும் யாரும் கண்டுக்கல. நான் கண்டுக்கிறேன்."

தவளைக்கு 'உற்சாக ஊற்று' பட்டம். அன்றிலிருந்து அது வயிற்றுவலியிலும் சிரித்துக்கொண்டே கத்தியது. வரியனுக்கு 'சுறுசுறுப்புச் செம்மல்'. எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு வாதாம் இலைப் பொன்னாடை. எருமை மேகலைக்கு 'மந்த மாமணி' என்று கொடுத்தார்கள். மேகலை கோபித்துக்கொள்ளவில்லை. பொன்னாடையை மென்று தின்றது.

"ஊக்கத்துக்குப் பட்டம் இல்லையா?" என்று பஞ்சவர்ணம் கேட்டது.

"ஊக்கம் மனசுக்குள்ள இருக்கிறதும்மா. வெளியே தெரியாது. தெரியாததுக்கு எப்படிப் பொன்னாடை போத்துறது?"

விழா முடிந்ததும் சிங்காரம் வரியனைத் தனியாகக் கூப்பிட்டது.

"தம்பி, ஒரு சின்ன விதி. செம்மல் உட்காரக் கூடாது."

"ஏண்ணே?"

"சுறுசுறுப்புக்கு எதிர்ச்சொல் என்ன?"

"சோம்பல்."

"சோம்பேறி என்ன செய்வான்?"

"உட்கார்ந்திருப்பான்."

"அவ்வளவுதான். நீ உட்கார்ந்ததை யாராச்சும் பார்த்தா பட்டம் போயிடும். எல்லார் முன்னாடியும் பொன்னாடையை உருவிடுவாங்க."

வரியன் பொன்னாடையை இறுக்கிக் கட்டிக்கொண்டது. அந்த நிமிஷமே ஓட ஆரம்பித்தது. புங்க மரத்தில் ஏறியது, இறங்கியது, மரத்தடியில் நின்ற மேகலையின் முதுகில் தாவியது, ஏரிக்கரையை ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி ஏறியது.

"அடேயப்பா, என்ன சுறுசுறுப்பு," என்றது ஒரு கொக்கு. வரியன் இன்னும் வேகமாக ஓடியது.

"ஏங்க, கூடு?" என்றது பஞ்சவர்ணம்.

"ஓடிக்கிட்டிருக்கேன்ல, தெரியல?"

"எங்கே ஓடுறீங்க?"

"அதெல்லாம் கேக்காதே."

"இதுக்குப் பேரு சுறுசுறுப்பு இல்ல, பரபரப்பு. சுறுசுறுப்புல வேலை முடியும். இதுல மூச்சுதான் முடியும். வந்து உட்கார்ந்து பின்னுங்க."

"செம்மல் உட்காரக் கூடாது."

"அப்ப நான் ஒருத்தியே வயித்தைத் தூக்கிக்கிட்டு எத்தனை முடிச்சுப் போடுவேன்?"

பதில் சொல்ல செம்மல் அங்கே இல்லை. பஞ்சவர்ணம் அதை இழுத்து வரப் பின்னாலேயே போனது. அது நகர்ந்ததும் சிங்காரம் இறங்கி வந்து ஒரு வாய் நாரைக் கவ்விக்கொண்டு போனது. தினமும் இதே கதை. முதல் நாள் நார் போனது, மறுநாள் பஞ்சு போனது, மூன்றாம் நாள் நூலும் போனது. காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று பஞ்சவர்ணம் நினைத்தது. நல்லதாகப் பொறுக்கி எடுக்கிற புத்தி காற்றுக்கு எப்போது வந்தது என்று யோசிக்க அதற்கும் நேரமில்லை.

மேகலை எல்லாவற்றையும் பார்த்தது. ஆனால் அது ஒரு வாக்கியம் சொல்லி முடிக்க ரொம்ப நேரம் ஆகும்.

"வரியா..." என்றது, வரியன் தன் முதுகில் தாவியபோது. அதற்குள் வரியன் போய்விட்டது.

அடுத்த சுற்றில், "அந்தக் காக்கா..."

"ஆமாக்கா, ரொம்ப நல்லவரு." போய்விட்டது.

அதற்கடுத்த சுற்றில், "உன் பஞ்சை..."

"பின்னிடுவேன்க்கா, பின்னிடுவேன்." போய்விட்டது.

அதற்கப்புறம் எதுவரைக்கும் சொன்னோம் என்பது மேகலைக்கு மறந்துவிட்டது. முதலிலிருந்து ஆரம்பித்தது. "வரியா..."

நாலாம் நாள் மத்தியானம் வரியனின் நாலு காலும் மேகலையின் முதுகிலேயே நின்றுவிட்டன. அணில் உட்கார்ந்துதான் கொறிக்கும். செம்மல் உட்காரக் கூடாது. ஆக மூன்று நாளாகச் சாப்பாடே இல்லை. அப்படியே குப்புற விழுந்தது.

"தெம்பே இல்லக்கா," என்றது.

"வரியா," என்றது மேகலை. "அந்தக் காக்கா... உன் பஞ்சை... நாரை, நூலை... எல்லாம் எடுத்துட்டுப் போய்... தன் கூட்டுல போட்டுக்கிச்சு."

"இதை ஏன்க்கா முன்னாடியே சொல்லல?"

"மூணு நாளா... அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்."

அப்போது பஞ்சவர்ணம் வந்து சேர்ந்தது. அது கடிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "வலி ஆரம்பிச்சிடுச்சு," என்றது. தூறலும் ஆரம்பித்தது.

வேப்ப மரத்திலிருந்து சிங்காரம் கத்தியது. "செம்மல் படுத்துட்டாரு! எல்லாரும் பாருங்க! பட்டம் ரத்து!"

எல்லாரும் பார்த்தார்கள். வரியன் அவர்களைப் பார்த்தது. பிறகு பஞ்சவர்ணத்தின் வயிற்றைப் பார்த்தது. பொன்னாடையைத் தானே உருவிக் கீழே போட்டது.

"ரத்து பண்ணிக்கண்ணே. பஞ்சைக் குடு."

"எந்தப் பஞ்சு?" என்றது சிங்காரம்.

மேகலை வேப்ப மரத்தை நோக்கி நடந்தது. போய்ச் சேர நேரம் ஆனது. சோர்வு, தளர்ச்சி, மந்தம் மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று சிங்காரம் அதற்குள் ஒரு பேச்சே பேசி முடித்துவிட்டது.

"முதுகு அரிக்குது," என்று சொல்லி மேகலை மரத்தில் உடம்பைத் தேய்த்தது.

கூடு முழுசாகக் கீழே விழுந்தது. முட்டை எதுவும் இல்லை. உள்ளே நாரும் பஞ்சும் நூலும் மெத்தையாகப் பின்னிக் கிடந்தன. பாதி வேலையைச் சிங்காரமே முடித்து வைத்திருந்தது.

அணில்கள் மெத்தையைப் புங்க மரத்துக்கு இழுத்துப் போயின. வரியன் உட்கார்ந்தது. எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி உட்கார்ந்து பின்னியது. நூலின் மறுமுனையைப் பஞ்சவர்ணம் பிடித்துக்கொண்டது.

"உட்கார்ந்துட்டாருப்பா," என்று கொக்கு சிரித்தது. வரியன் வாயில் நாரைக் கவ்வியபடி அடுத்த முடிச்சைப் போட்டது.

மழை கொட்ட ஆரம்பித்தபோது கூட்டில் ஒரே ஓர் ஓட்டை பாக்கி. நார் தீர்ந்துவிட்டது. வரியன் அந்த ஓட்டையில் தன் முதுகை வைத்து அடைத்து உட்கார்ந்தது. உள்ளே மூன்று குட்டிகள் பிறந்தன. ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை. மழை விடும்வரை அது அசையவே இல்லை.

சிங்காரம் நனைந்துகொண்டே அடுத்த விழாவுக்கு ஆள் தேடியது.

ஓடுகிறவனெல்லாம் சுறுசுறுப்பானவனும் இல்லை, உட்கார்ந்தவனெல்லாம் சோம்பேறியும் இல்லை. வேலை முடிந்ததா என்று மட்டும் பார்.