கூறைச்சீலை மயில்

அருந்ததி ரீச்சரின்ர படத்துக்கு அண்டைக்குக் கடைசி நாள். எல்லாரும் களைச்சுப் போனம். லைற் பிடிச்ச எனக்குக் கை ரெண்டும் விட்டுப்போச்சு. வாய்க்குள்ளயும் மணல். எப்படா முடியும் எண்டிருந்தது.

படம் ஒரு சின்னப் பிள்ளையின்ர கதை. சண்டை நடக்கிற ஊரில பிள்ளை பதுங்குகுழிக்குள்ள இருக்கிறாள். செல் குண்டு விழ விழ, மண்சுவரில ஒரு கறுத்தப் பூதம் கண் முழிக்கும். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். கடைசியில ஆமியின்ர சப்பாத்துச் சத்தம் குழிவாசலுக்கே வருகுது. பூதம் சுவரில ஒரு கதவைத் திறந்து விட, பிள்ளை உள்ள போய் மறைஞ்சிடுவாள்.

அந்தக் கதவைத்தான் எடுக்கக் கிடந்தது. பொழுதும் சாய்ஞ்சு கொண்டு வருகுது. அந்த நேரம் பார்த்துப் பிரதாபன் கமராவுக்கு முன்னால வந்து நிண்டான். ரீச்சரிட்டத்தான் அவன் படமெடுக்கப் படிச்சவன். இவ்வளவு காலமும் அவவை எதிர்த்து ஒரு சொல்லுச் சொன்னதில்லை.

“ரீச்சர், கதவு வேண்டாம்.”

“ஏன்?”

“பொய். சின்னனில நாங்கள் பதுங்கியிருந்த குழியில ஒரு கதவும் திறக்கேல்லை. இதை எடுத்தீங்களெண்டா படத்தில என்ர பேரைப் போடாதேங்கோ. நான் இப்பவே வெளிக்கிடுறன்.”

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. சொல்லுறதை முதலே சொல்லியிருக்கலாம்தானே. ரீச்சர் கோவிக்கேல்லை. படத்துக்கு வெட்டின குழிக்குள்ள இறங்கி, நிலத்தில குந்தி, மண் நிரப்பிச் சுவரா அடுக்கியிருந்த உரப்பையைத் தட்டிப் பார்த்தா.

“இந்தச் சுவராவது சரியோ?”

“அதுவும் பிழை,” எண்டான். “அந்த நேரம் உரப்பை எங்க கிடந்தது? சீலையளை வெட்டி, பையாத் தைச்சு, மண் போட்டுத்தான் அடுக்கினது. எல்லாற்ற வீட்டுச் சீலையும் போச்சு.”

“உனக்குத் தெரியுமெல்லோ. ஏன் சொல்லேல்லை?”

“சொன்னா சீலையைக் கொண்டு வந்து அடுக்குவீங்கள். என்னால பார்க்க ஏலாது, ரீச்சர்.”

ரீச்சர் பக்கத்தில இடம் விட்டா. அவனும் இறங்கி இருந்தான்.

“கொம்மா எந்தச் சீலையை வெட்டினவ?”

“கடைசியா, கலியாணத்துக்குக் கட்டின கூறைச்சீலையை. கரையெல்லாம் மயில். செல்லடிச்சா நான் பயத்தில கத்துவன். அம்மா என்ர கையைப் பிடிச்சு, சுவரில இருந்த அந்த மயிலில வைப்பா. ‘கத்தாத ராசா, செல் கிட்ட வந்தா இது வெளியில வந்து, செட்டையை விரிச்சு உன்னை மூடும்’ எண்டுவா.”

“நம்பினியோ?”

“நம்பினன். சின்னப் பிள்ளைதானே.”

மேல, கதவுக்குள்ள போகவேண்டிய, நடிக்கிற பிள்ளை பிஸ்கற் திண்டு கொண்டிருந்தாள். முகத்தில பூசின கரியோட எங்களை எட்டிப் பார்த்தாள். ரீச்சர் அவளைக் கொஞ்சம் அங்கால போகச் சொன்னா.

“பிறகு?”

“ஒருநாள் கிட்ட வந்தது.”

பிரதாபன் மணலை அள்ளி அள்ளி விட்டான். நான் லைற்றை நிப்பாட்டிப்போட்டன். எனக்குத் தாங்கேல்லை.

“மயில் வரேல்லை, ரீச்சர். அம்மாதான் எனக்கு மேல விழுந்து, ரெண்டு கையையும் விரிச்சு, என்னை மூடிக்கொண்டு கிடந்தா. பிறகு அவ எழும்பேல்லை.”

ரீச்சர் அவன்ர பக்கம் திரும்பினா.

“அப்ப ஏன் ராசா, மயில் வரேல்லை எண்டு சொல்லுறாய்?”