நாகாத்தாள் சொன்ன மூன்று மெய்

வாருங்கள், நெருங்கி உட்காருங்கள். பின்வரிசையில் இருப்பவர்கள் தூங்கினாலும் பரவாயில்லை, குறட்டை மட்டும் விடாதீர்கள்.

ராஜாக்கள் யானைமேல் ஏறி ஊர் சுற்றிய காலம் அது. ஆனால் இந்தக் கதையில் ராஜா வரமாட்டார். வந்தால் மீன் கேட்பார். அவருக்கு முள் எடுத்துக் கொடுப்பதிலேயே கதை முடிந்துபோகும்.

கடலோரத்தில் மணற்கழி என்று ஒரு குப்பம் இருந்தது. ஊருக்கும் கடலுக்கும் நடுவே அகலமாக ஓர் உப்பங்கழி. வடக்கே ஒரு ஆறு வந்து அதில் விழும். கிழக்கே முகத்துவாரம், அதாவது கழி கடலோடு சேருகிற வாய். கோடையில் கடல் அந்த வாயை மணல் போட்டு அடைத்துவிடும். ஐப்பசியில் மழை கொட்டி, ஆறு பெருகி, கழி நிரம்பித் தளும்பும்போது, தண்ணீர் அந்த மணல் திட்டை உடைத்துக்கொண்டு கடலுக்கு ஓடும்.

ஐப்பசி இருக்கிறதே, அது மீன் பிடிப்பவர்களைப் பைத்தியம் பிடிக்க வைக்கும் மாதம். காலையில் உப்புக் கரித்த தண்ணீர் மாலையில் இனிக்கும். நேற்று மடவை மீன் துள்ளிய இடத்தில் இன்று தவளை கத்தும். கொண்டல் காற்று அடித்தால் ஒரு பக்கம், வாடை அடித்தால் இன்னொரு பக்கம் என்று மீன் இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

அதனால் அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. விடியும்போதே ஒருவர் கழிக்குள் போய்த் தண்ணீரைப் பார்த்துவிட்டு வர வேண்டும். வந்து கரையில் நின்று, தண்ணீர் எப்படி, காற்று எப்படி, மீன் எங்கே என்று மூன்றையும் உரக்கச் சொல்ல வேண்டும். அவருக்குத் துறைச்சொல்லி என்று பெயர். எந்த இடத்தில் படகு ஓட்டக் கூடாது என்று தடுக்கும் உரிமையும் அவருக்குத்தான்.

எட்டியப்பன் என்பவன் பத்து வருடமாகத் துறைச்சொல்லியாக இருந்தான். நல்ல கணீர்க் குரல். மீசையும் குரலுக்கு ஏற்ற மீசை. ஆனால் அந்தப் பத்து வருடத்தில் அவன் கால் ஒரு நாளும் கழித் தண்ணீரில் நனைந்ததில்லை. பிறகு எப்படித் தண்ணீரைப் பார்த்தான் என்கிறீர்களா? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்.

தெற்குச் சேற்றில் நாகாத்தாள் என்று ஒருத்தி இறால் பிடிப்பாள். அவளுக்குப் படகு இல்லை, வலை இல்லை. மார்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி, அகப்பட்ட இறாலைப் பறியில் போடுவாள். பறி என்பது ஓலையில் முடைந்த கூடை. இரண்டு கையும் சேற்றுக்குள் இருப்பதால் பறியைப் பல்லால் கவ்விக்கொள்வாள். வீட்டில் இடுப்பு ஒடிந்து படுத்திருந்த புருஷனும் இரண்டு பெண்குழந்தைகளும் அந்தப் பறியை நம்பித்தான் இருந்தார்கள்.

நாள் முழுதும் தண்ணீரிலேயே கிடப்பதால் கழியின் நாடி அவளுக்கு அத்துப்படி. எட்டியப்பன் விடியலில் படகை அவள் பக்கம் ஓட்டி வருவான்.

"நாகாத்தா, தண்ணி எப்பிடி?"

கழியில் ஒருவர் இப்படிக் கேட்டால் மற்றவர் பதில் சொல்லியாக வேண்டும், அதுவும் ஊர் வழக்கம். அவளும் பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, உள்ளதை உள்ளபடி சொல்லுவாள். எட்டியப்பன் கரைக்குப் போய் அதற்கு நேர்மாறாகக் கூவுவான். ஊர்ப் படகெல்லாம் ஒரு திசையில் போக, அவன் மட்டும் அவள் சொன்ன திசையில் போய் வலையை வீசுவான். தினமும் இல்லை. தினமும் செய்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமே! இரண்டு நாள் மெய், ஒரு நாள் பொய், இரண்டு நாள் மெய், ஒரு நாள் பொய். சமையலில் உப்புப் போடுவதுபோல அளவாகப் போட்டான்.

வெறும் வலையோடு வந்தவர்கள் கேட்டால், "மீன் என்ன கட்டிப்போட்ட மாடா? நான் பாக்கும்போது இருந்துச்சு, நீங்க போகும்போது போயிருச்சு" என்பான். அவர்களும் தலையைச் சொறிந்துகொண்டு போவார்கள்.

இதில் ஒரு கொடுமை. பொய் சொல்லும் நாளில் அவன் வாயில் முதலில் வருவது, "தெற்குச் சேத்துக்குப் போங்க" என்பதுதான். படகுகள் எல்லாம் நாகாத்தாளின் சேற்றில் வந்து, துடுப்பாலும் கம்பாலும் குத்திக் கலக்கிவிட்டுப் போகும். அப்புறம் நாலு நாளைக்கு அவளுக்கு ஓர் இறால் கூடக் கிடைக்காது. அந்த நாலு நாளும் அந்த வீட்டில் கஞ்சிதான். அதையும் குழந்தைகளுக்கு ஊற்றிவிட்டு அவள் தண்ணீர் குடித்துப் படுத்துக்கொள்வாள்.

ஒரு நாள் காற்று கரையிலிருந்து அடித்தது. எட்டியப்பன் கூவியது அப்படியே அவள் காதில் விழுந்தது. "ஆத்து வாயில் மீன்" என்று அவள் சொல்லியிருந்தாள். "தெற்குச் சேத்துல மீன்" என்று அவன் கூவினான். நாகாத்தாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பறியைக் கவ்வியிருந்ததால் அவனை வாய்விட்டுத் திட்டக்கூட முடியவில்லை. ஓலையைத்தான் நறநறவென்று கடித்தாள்.

ஊரைக் கூட்டிச் சொல்லலாமா என்று யோசித்தாள். சொன்னால் அவன் கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்வான். கண்ணீரும் அவனுக்குக் கூப்பிட்ட குரலுக்கு வரும். அதனால் பேசாமல் ஐப்பசிக்காகக் காத்திருந்தாள்.

ஏன் ஐப்பசி? முகத்துவாரம் உடையும் தறுவாயில் மூன்று நாள் துறைச்சொல்லிப் பட்டம் பொதுவில் இருக்கும். யார் வேண்டுமானாலும் கரையில் நின்று கூவலாம். எவர் சொல்லைக் கேட்டுப் போய்ப் படகு நிறைந்ததோ, அவர் காலடியில் ஒரு பறி மீனைக் கொட்ட வேண்டும். மூன்று நாளில் எவர் காலடியில் குவியல் பெரிதோ, அவரே அடுத்த வருடத்துக்குத் துறைச்சொல்லி. அந்த மூன்று நாள் மட்டும் எட்டியப்பன் அரிச்சந்திரனாகிவிடுவான். நாகாத்தாள் சொன்னதை அப்படியே கூவிப் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போவான்.

அந்த வருடம் ஊர்த் தலைவரான நாட்டார் வேம்புலியார், "யார் யார் நிக்கிறீங்க?" என்று கேட்டபோது, எட்டியப்பன் மீசையைத் தடவிக்கொண்டு முன்னே வந்தான்.

"நானும் நிக்கிறேன் நாட்டாரே" என்று நாகாத்தாளும் வந்தாள்.

"படகே இல்லாதவ படகுக்கு வழி சொல்லப் போறாளாம்!" என்று எட்டியப்பன் சிரித்தான். ஊரும் சிரித்தது.

முதல் நாள் விடியலில் எட்டியப்பன் வழக்கம்போல அவளிடம் போனான். வேறு எங்கே போவான்? தண்ணீர் பார்க்கத்தான் அவனுக்குத் தெரியாதே.

"நாகாத்தா, தண்ணி எப்பிடி?"

அவள் பறியை எடுத்தாள். "ஆத்துல புதுத்தண்ணி வந்திருக்கு அண்ணே. செந்தண்ணியும் பச்சத்தண்ணியும் முட்டுற எடத்துல மடவை மொய்க்குது. வடக்கே போங்க" என்று சொல்லி, லேசாகச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்புதான் அவனைக் குழப்பியது. 'இவள் எனக்குப் போட்டியாக நிற்கிறவள். எனக்குப் போய் மெய் சொல்வாளா? நானாக இருந்தால் சொல்வேனா?' என்று நினைத்தான். கரைக்குப் போய், "மேக்குக் கரையில மீன்!" என்று கூவினான். அவளோ தன் பங்குக்கு வந்து, "வடக்கே மடவை!" என்றாள்.

அவனைத் தவிர ஊரில் பதினொரு படகு. எட்டுப் படகு அவன் பின்னே போயிற்று. மூன்று படகு அவள் சொன்னபடி போயிற்று. அந்த மூவரும் அவளை நம்பிப் போகவில்லை, அவர்கள் மனைவிமார் அவளோடு இறால் துழாவுகிறவர்கள், வீட்டில் நிம்மதியாகச் சோறு தின்ன வேண்டுமே என்று போனார்கள். மூன்று படகும் நிறைந்து வந்தன. மேற்கே போனவர்கள் ஒரு பழைய செருப்பைப் பிடித்து வந்தார்கள்.

இரண்டாம் நாள் விடியல். "நாகாத்தா, தண்ணி எப்பிடி?"

"ராவெல்லாம் மழை அண்ணே. வடக்கே சுத்தமா இனிச்சுப்போச்சு. உப்பைத் தேடி மீனெல்லாம் நடுப்பள்ளத்துல எறங்கிருச்சு. கொடுவா ஒண்ணொண்ணும் என் கை நீளம்." இன்றும் அதே சிரிப்பு.

எட்டியப்பன் படகிலேயே உட்கார்ந்து யோசித்தான். 'நேற்று இவள் மெய் சொன்னாள். எதற்கு? இன்றைக்கு நான் நம்ப வேண்டும் என்பதற்காக. நான் ஊருக்கு இரண்டு நாள் மெய்யைக் காட்டி மூன்றாம் நாள் கவிழ்க்கிறேன். இவள் ஒரே நாளில் கவிழ்க்கப் பார்க்கிறாள், அவசரக்காரி!' கரைக்குப் போய், "ஆத்து வாயிலதான் மீன்!" என்று கூவினான்.

ஏழு படகு அவள் சொன்ன பள்ளத்துக்குப் போய்க் கொடுவாயோடு வந்தது. நாலு படகு அவன் பின்னே போய், ஆற்றில் அடித்து வந்த விறகோடு வந்தது. அடுப்புக்கு ஆயிற்று, சட்டிக்கு ஆகவில்லை.

மூன்றாம் நாள் விடிந்தது. கழி விளிம்புவரை ததும்பி நின்றது. நாகாத்தாள் தெற்குச் சேற்றில் கையை விட்டாள். அப்படியே நின்றுவிட்டாள். மேலே மழைத் தண்ணீர், அடியில் உப்புத் தண்ணீர். அந்த உப்பை நாடிக் கழியில் இருந்த இறால் அத்தனையும் அவள் சேற்றில் வந்து புதைந்து கிடந்தது. அது அவளுடைய சேறு. அவள் பிழைப்பு. ஊரைக் கூப்பிட்டால் ஊரே அள்ளிக்கொண்டு போகும். கூப்பிடாவிட்டால் ஒரு மாதத்துக்கு அவள் வீட்டில் கஞ்சி இருக்காது, சோறு இருக்கும். அவளுக்கு அழுகை வந்தது. 'இன்றைக்கு மட்டும் வேறு இடம் சொல்லலாமே' என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு, அப்படிச் சொன்னால் எனக்கும் எட்டியப்பனுக்கும் மீசை மட்டும்தானே வித்தியாசம் என்று முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

அவன் வந்தான். கண்கள் சிவந்திருந்தன. "நாகாத்தா, தண்ணி எப்பிடி?"

"முகத்துவாரம் இன்னிக்கு உச்சிக்குள்ள ஒடையும் அண்ணே. அந்தப் பக்கம் போகாதீங்க, வலையும் போகும், படகும் போகும். இறால் முச்சூடும் இங்க என் சேத்துலதான் கெடக்குது. வந்து அள்ளிக்குங்க."

எட்டியப்பனுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது, அதாவது விளங்கிவிட்டதாக நினைத்தான். 'தன் சேற்றை எவளாவது ஊருக்குக் காட்டிக்கொடுப்பாளா? சொன்னதெல்லாம் பொய். முகத்துவாரத்தில்தான் மீன் மலைபோலக் கிடக்கிறது. என்னைத் தடுக்கப் பார்க்கிறாள்!' அவன் கரைக்குக்கூடப் போகவில்லை. நேராக முகத்துவாரத்துக்குப் போய், மணல் திட்டுக்கு முன்னே கம்பு ஊன்றித் தன் பெரிய வலையைக் கட்டினான்.

கரையில் நாகாத்தாள் கூவினாள்: "தெற்குச் சேத்துல இறால்! ஆனா படகைச் சேத்துக்கு வெளியே கட்டிட்டு எறங்கணும். கையாலதான் துழாவணும்!"

பதினொரு படகும் வந்தன. மீசைக்காரர்கள் எல்லாரும் மார்பளவு தண்ணீரில் இறங்கி, பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, எருமைபோலச் சேற்றில் துழாவினார்கள். வாயில் பறி இருந்ததால் ஒருவரும் ஒருவரையும் திட்ட முடியவில்லை. மணற்கழியில் அவ்வளவு அமைதியாக ஒரு காலைப்பொழுது அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. பறி பறியாக இறால் நிறைந்தது.

உச்சிப்பொழுது வருமுன் கிழக்கே ஒரு பெரும் சத்தம். முகத்துவாரம் உடைந்தது. கழித் தண்ணீர் பாய்ந்த பாய்ச்சலில் வலை போயிற்று, ஊன்றிய கம்பு போயிற்று, படகு இரண்டு சுற்றுச் சுற்றி மணலில் குப்புற விழுந்தது. எட்டியப்பன் ஒரு தாழம்புதரைப் பிடித்துக்கொண்டு தொங்கினான். பத்து வருடத்துக்குப் பிறகு அன்றுதான் அவன் கால் நனைந்தது. கால் மட்டுமா!

ஊரார் கயிறு போட்டு அவனை இழுத்துக் கரையில் போட்டார்கள். நாகாத்தாளின் காலடியில் மீனும் இறாலும் முழங்கால் உயரம் குவிந்திருந்தன. அவன் காலடியில் ஈரம்தான் இருந்தது.

"நாட்டாரே, எனக்கு நியாயம் வேணும்! இவ என்னை மோசம் பண்ணிட்டா!" என்று எட்டியப்பன் அலறினான்.

வேம்புலியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தண்ணி எப்பிடின்னு கேட்டா பதில் சொல்லணும்கிறது வழக்கம். இவ சொல்லலையா?"

"சொன்னா."

"பொய் சொன்னாளா?"

"இல்லியே! மூணு நாளும் மெய்யைத்தான் சொன்னா நாட்டாரே! போட்டிக்கு நிக்கிறவ மெய் சொல்லலாமா? நான் ஊருக்குச் சொன்ன மாதிரி மாத்தித்தானே சொல்லியிருக்கணும்?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. அதே நொடியில் பத்து வருடத்து வெறும் வலைகளும் பதினொரு படகுக்காரர்களுக்கும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. அப்புறம் கரையில் என்ன நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன், குழந்தைகள் இருக்கிறார்கள்.

நாகாத்தாள் துறைச்சொல்லி ஆனாள். தெற்குச் சேற்றில் படகு ஓட்டக் கூடாது என்பது அவள் கூவிய முதல் சொல். ஊர் அதைக் கேட்டுக்கொண்டது. படகும் வலையும் போன எட்டியப்பன் ஒரு பறியைக் கவ்விக்கொண்டு அதே சேற்றில் அவளுக்குப் பத்தடி தள்ளி இறங்கினான். "அண்ணே, இந்தப் பக்கம் இறால் இருக்கு, வாங்க" என்று அவள் தினமும் கூப்பிட்டாள். அவன் தினமும் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, அதற்கு எதிர்ப்பக்கமே போய்த் துழாவினான்.

ஆகையால் கேட்டவர்களே, பிறரை ஏய்க்கவே வாயைத் திறந்து பழகியவனுக்கு, எதிரில் நின்று பிறர் சொல்லும் மெய்யும் பொய்யாகவே கேட்கும்.