மயக்கத்துக்கு ஒரு சொல்

தார் உருகும் சித்திரை மதியம். ஃபேன் சத்தம் தன் குரலை அமுக்குகிறது என்று அதை நிறுத்திவிட்டு, ஆங்கிலப் பேராசிரியர் ஆளவந்தார் வகுப்பில் மூன்று மணி நேரமாக மயக்கத்துக்கான பழைய ஆங்கிலச் சொற்களை விளாசிக்கொண்டிருந்தார்.

"'ஸ்வெல்ட்' என்றால் முதலில் சாவது. பிறகு மயங்குவது. அதில் பிறந்த 'ஸ்வெல்டர்' இன்று வெறும் புழுங்கி வேர்ப்பது!"

பியூன் மாசிலாமணி மெல்ல சுவிட்சில் கை வைத்தான்.

"யாரைக் கேட்டுப் போடறே? இப்ப நான் சொன்ன 'ஸ்வெல்ட்'டோட சரித்திரம் தெரியுமா உனக்கு? சொல்லிட்டுப் போடு. தெரியலைன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராதே!"

"தெரியுங்கய்யா. ஆனா இங்கே அது தலைகீழா நடக்குது. நீங்க ஆரம்பிச்சப்ப எல்லாரும் வேர்த்தாங்க. இப்ப கடைசி பெஞ்சுல ரெண்டு பேர் மயங்கிட்டாங்க. நீங்க முடிக்கிறதுக்குள்ள முதல் அர்த்தம் வந்துடுமோன்னுதான் பயமா இருக்கு."

ஃபேனை ஓடிவந்து போட்டது பேராசிரியரேதான்.