மணல்திட்டுவரை கேட்க வேண்டிய மணி

“இந்த மணியைத் திருப்பி அனுப்ப எனக்கு உரிமை உண்டா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள், அம்மா” என்றான் சேந்தன்.

துறவி நந்தை அவனைவிட இளையவர். மணியைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்றிருந்தது.

கடலோர மடம் அது. பனி இறங்கினால் கடலும் வானமும் ஒன்றாகிவிடும். போன பனிக்காலத்தில் சேந்தனின் தம்பி போன படகு திரும்பவே இல்லை. அதன் பிறகுதான் சேந்தன் நந்தையிடம் சீடனாக வந்தான். பனியில் படகுகளுக்குக் கரை காட்ட மணி வார்க்கச் சொன்னவனும் அவன்தான்.

“மணல்திட்டுவரை கேட்கவேண்டும் என்பது பேச்சு. இது தூக்கத்தில் முனகுவதுபோல முனகுகிறது” என்றான் சேந்தன்.

மணியை வார்த்த கூத்தன் படியில் நின்றிருந்தான்.

“பட்டறையில அடிச்சுப் பாத்தீங்க. நல்லா இருக்குன்னு தலையாட்டினீங்க. கொண்டுவந்து மாலையும் போட்டாச்சு. ஏத்துக்கிட்ட பொருளை எப்படிங்க திருப்புவீங்க?”

“பட்டறையில் கடல் இருந்ததா?”

“குறை மணியில இல்லைங்க. உங்க காதுல.”

நந்தை மணிக்கயிற்றைப் பிடித்தார்.

“இரண்டு பேரும் படகில் போங்கள். நான் அடிக்கிறேன்.”

“இந்தப் பனியிலா?”

“வேறு எப்போது?”

சேந்தன் துடுப்பு வலித்தான். முதலில் மடம் மறைந்தது. பிறகு கரை. பிறகு துடுப்பின் நுனி. பாலுக்குள் மிதப்பதுபோல் இருந்தது. மணியோசை கூடவே கொஞ்ச தூரம் வந்தது. எங்கே நின்றுபோனது என்று இருவருக்கும் தெரியவில்லை.

மணல்திட்டில் படகு உரசியது.

கூத்தன் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் காதுகொடுத்தான்.

“கேக்கலைங்க” என்றான்.

சேந்தன் துள்ளி நிமிர்ந்தான்.

“உன் வாயாலேயே ஒப்புக்கொண்டாய்! மணி உன்னுடையது. எடுத்துக்கொண்டு போ.”

“சரிங்க” என்றான் கூத்தன். “கரை எந்தப் பக்கம்?”

சேந்தன் சுற்றிலும் பார்த்தான். எல்லாப் பக்கமும் வெள்ளை. தண்ணீர் மெல்லப் படகைத் திருப்பிக்கொண்டே இருந்தது. தம்பியும் இப்படித்தான் காதுகொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

எதிரே கூத்தன் நடுங்கிக்கொண்டிருந்தான். சேந்தன் தன் மேல்துணியை அவன்மேல் போர்த்தினான்.

வெயில் ஏறிப் பனி விலகிய பிறகே கரை தெரிந்தது.

நந்தை இன்னும் அடித்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை கன்றிச் சிவந்திருந்தது.

“உரிமையைப் பற்றிக் கேட்டாயே, சேந்தா.”

சேந்தன் மாலையைக் கழற்றிவிட்டு மணியை ஒரு பக்கம் பிடித்தான். மறுபக்கத்தைக் கூத்தன் பிடித்தான்.

“மறுபடி உருக்கி வார்க்க எவ்வளவு விறகு வேண்டும்?” என்று கேட்டான் சேந்தன்.