காசிலிங்கத்தின் பென்சில்

"துப்பாக்கி சரியில்லை ஏட்டம்மா" என்றார் இன்ஸ்பெக்டர் அழகர்சாமி.

மலையடிவாரத்துச் சுடுதளம். பத்துக் குண்டும் போய்விட்டன. எதிரே அட்டையில் வரைந்த மனித உருவம் அசையாமல் நின்றது. அதன் காலடியில் மட்டும் புழுதி கிளம்பி அடங்கியது.

ஏட்டு ஜெசிந்தா அங்கே சுடப் பயிற்சி கொடுக்கப் புதிதாக வந்தவர். துப்பாக்கியை வாங்கி ஒரே ஒரு குண்டு சுட்டார். அட்டையின் நடுநெஞ்சில் ஓட்டை விழுந்தது.

துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப கண்ணாடியை மாத்தணும் போல" என்றார் அழகர்சாமி.

ஜெசிந்தா குனிந்து காலித் தோட்டாக்களைப் பொறுக்கினார்.

"வெயில் வேற கண்ணுல அடிக்குது."

சொல்லி வாய் மூடவில்லை, ஒரு மேகம் வந்து வெயிலை மறைத்தது. வெயிலுக்கும் ரோஷம் இருக்குமே.

அழகர்சாமிக்கு உள்ளுக்குள் கலக்கம். அடுத்த வாரம் யாழினி கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டும். கல்லூரியில் படிக்கிற பெண். நடந்த கொலையைக் கண்ணால் பார்த்தவள் அவள் ஒருத்திதான். மிரட்டலுக்கு மேல் மிரட்டல். வரவே மாட்டேன் என்று அழுதவளை அவர்தான் பேசிச் சம்மதிக்க வைத்தார்.

"நம்ம படையிலேயே நல்லா சுடுற ஆளு உன் பக்கத்துல உட்கார்ந்து வருவாங்க பாப்பா. பயப்படாதே" என்று சொல்லியிருந்தார்.

தன்னைத்தான் சொன்னார். அதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

இப்போது டி.எஸ்.பி. ஓர் உத்தரவு போட்டுவிட்டார். சாட்சிக்குப் பாதுகாப்பாகப் போகிறவர் பத்துக்குக் குறைந்தது ஏழு போட்டுக் காட்ட வேண்டும்.

"வருஷா வருஷம் பத்துக்குப் பத்து போட்டவன்மா நான். நீ வந்த பிறகுதான் இப்படி."

"அப்பல்லாம் அட்டையைப் பார்த்துட்டு வந்து யாருங்கய்யா சொல்லுவாங்க?"

"காசிலிங்கம்தான். உனக்கு முந்தி இருந்த ஏட்டு. தங்கமான மனுஷன். என்னை நாற்காலியை விட்டு எந்திரிக்கவே விடமாட்டான். அவனே ஓடிப்போய் எண்ணிட்டு வருவான்."

"இன்னைக்கு நாம ரெண்டு பேரும் போய்ப் பார்ப்போமாய்யா?"

துப்பாக்கியை இறக்கி வைத்துவிட்டு நடந்தார்கள். இத்தனை வருட சர்வீஸில் அந்தத் தூரத்தை அழகர்சாமி ஒருமுறைகூட நடந்ததில்லை.

தோளோரம் ஒன்று. இடுப்போரம் ஒன்று. நடுநெஞ்சில் இருந்தது ஜெசிந்தா போட்டது. மற்றதெல்லாம் மண்ணுக்குள் போயிருந்தது.

ஜெசிந்தா தன் சட்டைப்பையிலிருந்து ஒரு சிவப்புப் பென்சிலை எடுத்து நீட்டினார்.

"இந்தச் சுடுதளத்துப் பெட்டியில கிடந்துச்சுய்யா. காசிலிங்கம் அண்ணன் விட்டுட்டுப் போனது."

அழகர்சாமி திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீளம் குறையாத பென்சில். எழுதித் தேய்ந்ததாகத் தெரியவில்லை. முனைக்குக் கீழே மட்டும் சிவப்புச் சாயம் உரிந்து, அட்டைத் தூள் அப்பியிருந்தது.

அதை ஜெசிந்தா போட்ட ஓட்டையில் நுழைத்துப் பார்த்தார். அளவெடுத்த மாதிரி போனது.

காசிலிங்கம் ஓடிப்போய் எண்ணவில்லை. பென்சிலால் ஓட்டை குத்தியிருக்கிறான்.

காதெல்லாம் சூடேறியது. அந்த ஆள்மேல் கெட்ட கோபம் வந்தது. இன்ஸ்பெக்டர் முகம் சுண்டினால் ஏட்டு வேறென்ன செய்வான் என்றும் தோன்றியது. பிறகு யாழினியின் முகம் நினைவுக்கு வந்தது.

பென்சிலைத் திருப்பி நீட்டினார். ஜெசிந்தா வாங்கவில்லை.

"நீங்களே வச்சுக்கங்கய்யா."

அழகர்சாமி அதைத் தன் சட்டைப்பையில் செருகினார். பிறகு, தனக்குக் கீழே வேலை பார்க்கிற யாரிடமும் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"சொல்லிக்குடும்மா."

திரும்பி வந்தார்கள். ஜெசிந்தா அவருக்கு முதுகைக் காட்டி நின்று குண்டுகளை நிரப்பினார்.

"சுடுங்கய்யா."

முதல் குண்டு வெடித்தது. புழுதி.

இரண்டாவது, 'டிக்' என்றது. அவ்வளவுதான். ஆனால் துப்பாக்கியின் மூக்கு தரையைப் பார்த்து ஒரு முங்கு முங்கி எழுந்தது.

"என்னம்மா இது?"

"வெத்துத் தோட்டாய்யா. நான்தான் நடுவுல போட்டேன்."

"துப்பாக்கி குனியுதே?"

"வெடிக்காத துப்பாக்கி எதுக்குய்யா குனியப்போவுது?"

அழகர்சாமி தன் கையைப் பார்த்தார். தோள் இன்னும் காதருகே ஏறி நின்றது. அதை மெல்ல இறக்கினார்.

"நான்தான் குனியிறேன்" என்றார். "சத்தத்துக்கு."

"சத்தம் வரும்தாங்கய்யா. வரட்டும். அது வர்றதுக்கு முந்தியே நீங்க ஏன் எதிர்ல போய்க் கூட்டிட்டு வர்றீங்க?"

அன்றிலிருந்து ஸ்டேஷனில் தினமும் அவருடைய அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே குண்டில்லாத துப்பாக்கி. அதன் மேல் ஒரு ரூபாய்க் காசு. காசு விழாமல் விசையை அழுத்த வேண்டும் என்பது ஏட்டம்மா கொடுத்த பாடம்.

காசு விழும். எடுத்து வைப்பார். மறுபடி விழும். அது மேசைக்கடியில் உருண்டுபோனால் இன்ஸ்பெக்டரும் பின்னாலேயே தவழ்ந்து போவார். ஒரு நாள் தேநீர் கொண்டுவந்த கான்ஸ்டபிள் அந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

ஒரு சாயங்காலம் காசு விழவில்லை. அழகர்சாமி மூச்சை விடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தேர்வு நாள். டி.எஸ்.பி. குடைக்கடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அழகர்சாமி சுட்டார். சத்தம் வந்தது, போனது. அவர் எதிரே போகவில்லை.

அட்டையைப் பார்க்க ஜெசிந்தாவும் அவரும் நடந்தார்கள்.

அழகர்சாமி எண்ணினார். ஆறு. மூன்று எங்கேயோ போயிருந்தன. மீதி ஒன்று உருவத்தின் காதோரம், கோட்டுக்கு மயிரிழை வெளியே, வெள்ளையில் விழுந்திருந்தது.

மறுபடி எண்ணினார். ஆறேதான்.

"எத்தனை அழகர்சாமி?" தூரத்திலிருந்து டி.எஸ்.பி.யின் குரல்.

ஜெசிந்தா முகத்தைத் திருப்பி மலையைப் பார்த்தார். அப்படி என்னதான் கண்டாரோ அந்த மலையில்.

அழகர்சாமியின் கை சட்டைப்பைக்குப் போனது. பென்சில் வந்தது. அட்டை அவருடைய உடம்பின் மறைவில் இருந்தது. ஒரே ஒரு குத்து. காசிலிங்கத்துக்கு அது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்று இப்போது புரிந்தது. குத்திவிட்டால் யாழினிக்குக் கொடுத்த வாக்கு நிற்கும். காரில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடலாம்.

காதோரத்து ஓட்டையை விரலால் தடவினார். இதே குண்டு நாளைக்கு ஒருவனைத் தவறவிட்டால், அவன் அடுத்து யாரைப் பார்த்துச் சுடுவான்?

பென்சில் முனையை நாக்கில் நனைத்தார். அட்டையின் அடியில் பெரிதாக ஆறு என்று எழுதினார்.

"ஆறுங்கய்யா!"

நாற்காலி கிறீச்சிட்டது. டி.எஸ்.பி. எழுந்து நடந்து வந்தார். அட்டையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"ஒண்ணு குறையுதே. அப்ப அந்தப் பொண்ணுகூட யார் போறது?"

"நல்லா சுடுற ஆளு வருவாங்கன்னு அதுக்கு வாக்குக் கொடுத்திருக்கேங்கய்யா" என்றார் அழகர்சாமி.

மலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஜெசிந்தாவின் பக்கம் பென்சிலை நீட்டிக் காட்டினார்.